எழுதும் வேலையும் வீட்டு வாழ்வும்: மாங்குளத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மாங்குளத்திலிருந்து தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் கையில் மூன்று வேலைகள் இருக்கின்றன: பாதியில் நிற்கும் ஒரு நாவல், ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் முயற்சி, ஒரு குறும்படத்துக்கான கதை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று இழுக்கிறது, எதுவும் முடிவதில்லை என்கிறார். அதைவிடப் பெரிய துன்பமாக அவர் சொல்வது வேறு. பிள்ளையோடு விளையாடும்போது மனம் எழுத்தில் நிற்கிறது; எழுத உட்கார்ந்தால் பிள்ளையை விட்டுவிட்டு வந்த குற்றவுணர்வு வருகிறது; சில வேளைகளில் வாய்விட்டுச் சிரிப்பதே தவறு என்று தோன்றுகிறது. படைப்பில் கவனத்தைக் குவிப்பது எப்படி என்றும், அன்றாட வாழ்வை ரசிக்கப் பழகுவது எப்படி என்றும் இரண்டு கேள்விகளாக அவர் கேட்டிருந்தாலும், இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று நான் நினைக்கிறேன். ஒரு வேலையை விட்டு எழும்போது அதை உண்மையாகவே விட்டு எழுவது எப்படி என்பதுதான் அந்த வேர்.

வன்னிப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை நீண்ட காலம் கற்பித்திருக்கிறேன். உளவளத்துணையில் பயிற்சி பெற்று மாணவர்களோடும் பெரியவர்களோடும் அந்தப் பணியையும் செய்துவருகிறேன். நான் மருத்துவர் அல்ல. கீழே சொல்பவற்றில் ஆய்வுகள் உறுதியாகக் காட்டியது எது, ஐயத்துக்கு இடமுள்ளது எது, என் அனுபவம் மட்டுமே எது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் மூன்று வேலைகள் பற்றி. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் எவரும் அறிந்த நடைமுறை ஒன்று உண்டு. காலபோகத்தைப் பெரும்பாலும் மாரி மழை பார்த்துக்கொள்ளும்; சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரே கதி. ஆகவே போகம் தொடங்குமுன் கூட்டம் கூடி, நீர்மட்டத்தைப் பார்த்து, இம்முறை இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று தீர்மானிக்கிறார்கள். எல்லா வயலையும் விதைத்துவிட்டுக் கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் வற்றினால் ஒருவருக்கும் நெல் இல்லை. வேலைக்குப் போய்வந்து குடும்பமும் நடத்தும் ஒருவரின் மாலை நேரம் சிறுபோகத் தண்ணீரைப் போன்றது. அதில் மூன்று வேலைகளை விதைக்க இயலாது. ஒன்றைத் தெரிந்தெடுத்து, மற்ற இரண்டையும் இந்தப் போகத்துக்கு இல்லை என்று வெளிப்படையாகத் தீர்மானித்து ஒதுக்க வேண்டும். ஒதுக்குவது என்றால் கைவிடுவது அல்ல. எந்த இடத்தில் நிற்கிறது, திரும்ப எடுக்கும்போது செய்யவேண்டிய முதல் வேலை என்ன, எந்த மாதம் திரும்ப எடுப்பேன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்புக்குள் வைப்பதையே ஒதுக்குவது என்கிறேன்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், தயக்கமின்றி ஒலிப்பதிவு என்பேன். நாவலும் குறும்படமும் உங்களுக்காகக் காத்திருக்கும். எண்பதைத் தாண்டிய ஒருவரின் நினைவு அப்படிக் காத்திருக்காது. 1950களில் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றுக் காடு வெட்டியவர்களும், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வேர்விட்டவர்களும் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள். அத்தோடு, அந்த வேலைக்கு ஓர் எல்லை போட முடியும். இன்னாரோடு ஓர் அமர்வு என்று தொடங்கி அந்த அமர்வோடு முடித்து வரலாம். நாவலுக்கு அப்படிப்பட்ட முடிவு நெடுநாள் கிடைக்காது. பதிவுகளைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் அச்சு நூல்களோடு நிற்காமல் வாய்மொழி வரலாற்றையும் ஆவணப்படுத்திவருகிறது. பேசியவரின் சம்மதம் இருந்தால், உங்கள் பதிவுகள் கடைசியில் போய்ச்சேரக்கூடிய ஓர் இடம் அது. போய்ச்சேரும் இடம் தெரிந்துவிட்டால் வேலைக்கு ஒரு வடிவம் வந்துவிடும்.

இனி, விட்டு எழுவது பற்றி. 1927 இல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே மனத்தில் அதிகம் தங்குகின்றன என்று எழுதினார். இது பலரும் மேற்கோள் காட்டும் முடிவு. ஆயினும் பின்வந்தவர்கள் அதே சோதனையைச் செய்தபோது எல்லா முறையும் அதே விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைவிடக் கூடிய உறுதியோடு நிற்பது, இடையில் நின்ற வேலைக்கு மனிதர்கள் எவரும் சொல்லாமலே திரும்பிப் போக முனைகிறார்கள் என்பது. 1928 இல் மரியா ஒவ்சியான்கினா காட்டியது அது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதால் புதிய வேலை பழுதாகிறது என்று 2009 இல் சோஃபி லெரோய் எழுதினார். நீங்கள் பிள்ளையின் பக்கத்தில் இருந்துகொண்டு நாவலுக்குள் இருப்பதும் இந்த வகையைச் சேர்ந்தது என்றே நான் கொள்கிறேன். உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது 2011 இல் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வு. முடிக்காமல் விட்ட ஒரு காரியம் வேறொன்றை வாசிக்கும்போது குறுக்கிடுகிறது என்பதையும், அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டவட்டமாக எழுதிக்கொண்டவர்களுக்கு அந்தக் குறுக்கீடு குறைந்துவிடுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். காரியம் முடியாமல் அப்படியே இருந்தது. திட்டம் மட்டுமே புதிதாக வந்தது. மனம் ஆறுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

இதை நடைமுறையில் இப்படிச் செய்யலாம். எழுதும் நேரத்தின் கடைசி ஐந்து நிமிடங்களை எழுதுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை எங்கே தொடங்குவது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். ‘ஏழாம் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும்’ என்று எழுதினால் பயன் இல்லை. அது மனத்துக்கு ஒரு பாரத்தையே கொடுக்கும். ‘கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. சின்னம்மா பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். படலையைத் திறப்பது யார் என்பதிலிருந்து தொடங்கு’ என்று எழுதினால், நாளைக்கு உட்காரும் கைக்கு வேலை ஆயத்தமாக இருக்கிறது. இன்றைக்கு எழும் மனத்துக்கும் விடை கிடைக்கிறது. அந்தத் தாளைக் கொப்பிக்குள் வைத்து மூடிய பிறகு முகம் கழுவுங்கள், அல்லது முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். இந்தச் சிறு இடைவெளியை எந்த ஆய்வை வைத்தும் நான் சொல்லவில்லை. ஒத்திகையிலிருந்து நேரே வகுப்புக்கு ஓடும் மாணவர்களைப் பல ஆண்டுகள் பார்த்ததில் கற்றுக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். வாரத்தில் நான்கு நாள், ஒரே இடத்தில், முக்கால் மணி நேரம் என்று தொடங்குங்கள். ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 2010 இல் லண்டனில் 96 பேரிடம் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வில், ஒரு சிறு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரப் பிடித்த காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. வயலில் வெட்டு நடக்கும் வாரத்தில் நீங்கள் எழுதாமல் விட்டால் பழக்கம் குலைந்துவிட்டது என்று பொருளல்ல.

அன்றாட வாழ்வை ரசிப்பதற்கு வருகிறேன். கில்லிங்ஸ்வர்த்தும் கில்பர்ட்டும் 2010 இல் 2250 பேரிடம் கைத்தொலைபேசி வழியே, இந்த நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள் என்று நாளின் வெவ்வேறு நேரங்களில் கேட்டார்கள். ஏறத்தாழ 47 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ இருந்தபோது அவர்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் என்பதால், வன்னி வாழ்வுக்கு அந்த எண்ணிக்கையை அப்படியே பொருத்த முடியாது. மனம் அலைவதுதான் மகிழ்ச்சியைக் குறைக்கிறது என்பதும் அந்த ஆய்வால் முற்றாக நிறுவப்பட்ட ஒன்றல்ல. எனினும், நல்ல வேலையாக இருந்தாலும் மனம் அதில் இல்லாவிட்டால் அதன் இனிமை கிடைப்பதில்லை என்பதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம்.

படைப்பாளிகளுக்கு இதில் தனியான ஓர் இடையூறு உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் இதை எங்கே பயன்படுத்தலாம் என்று பார்க்கும் பழக்கம் அது. நீங்கள் போகும் பேருந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும்போது இறங்கி, கும்பிட்டு, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடதாசியில் மணலில் வறுத்த சூடு இன்னும் இருக்கிறது. கோதை உடைக்கும்போது விரலில் மண் ஒட்டுகிறது. சில கோதுகளுக்குள் மூன்று பருப்பு இருக்கும், சிலவற்றுக்குள் கருகிய ஒன்று. இவ்வளவையும் கவனிப்பது ரசிப்பு. இதை என் நாயகன் சாப்பிடுவதாக எழுதலாம் என்று நினைத்த அந்தக் கணத்தில் கச்சான் வாயில் இருக்கிறது, நீங்கள் அங்கே இல்லை. நான் பரிந்துரைப்பது, நாளில் ஒரு வேளையை, ஒரு பயணத்தையோ ஒரு சாப்பாட்டையோ, எழுத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது. தொடக்கத்தில் அது வலிந்து செய்வதுபோல் இருக்கும். இரவில் தானாக நினைவுக்கு வந்தால் எழுதுங்கள்; வராவிட்டால் போகட்டும்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போய் முழுவதையும் கைத்தொலைபேசியில் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தபோது எதையும் கண்ணால் பார்க்கவில்லை என்று தோன்றியதாக எழுதியிருந்தீர்கள். இதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2014 இல் லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் செய்த சோதனையில், படம்பிடித்த பொருள்களை மக்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் சிறு பகுதியை மட்டும் நெருங்கிப் படம்பிடித்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. 2016 இல் கிறிஸ்டின் டீலும் இரு ஆய்வாளர்களும் வெளியிட்டதில், படமெடுப்பது பல சந்தர்ப்பங்களில் மகிழ்ச்சியைக் கூட்டவும் செய்தது. எதைப் பிடிப்பது என்று தேடுவதால் மனம் நிகழ்வில் ஊன்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே கைத்தொலைபேசியே குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். அடுத்த வைகாசிக்கு, எந்த ஒன்றைப் பதிவுசெய்வது என்று போகுமுன்னே முடிவெடுங்கள். அது முடிந்ததும் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நில்லுங்கள்.

வயலிலும் கிணற்றடியிலும் போகும் நேரம் எழுத்துக்கு நட்டமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு சிக்கலைச் சற்று ஒதுக்கிவைத்தால் மனம் உள்ளூர அதை வேலைசெய்கிறது என்று 1926 இல் கிரஹாம் வாலஸ் எழுதினார். 2009 இல் சியோவும் ஓர்மெரோட்டும் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது இடைவேளை சராசரியாக உதவுகிறது என்றே தெரிந்தது. ஏன் உதவுகிறது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. நட்டம் இல்லை என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். ஆனால், எழுத்துக்கு உதவும் என்பதற்காகப் பிள்ளையோடு விளையாட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வியில் என்னை அதிகம் தொட்ட பகுதி. சிரிப்பதே தவறு என்று தோன்றுகிறது என்றீர்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு இந்த மண்ணில் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், நீங்கள் மட்டும் அல்ல. எழுதுவதும் பதிவுசெய்வதும் இறந்தவர்களுக்குச் செலுத்தும் கடன் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு, எழுதாத ஒவ்வொரு மணி நேரமும் கடன் தவறிய நேரமாகிவிடுகிறது. அந்த உணர்வை நான் அவமதிக்க மாட்டேன். அதிலிருந்துதான் மிக நேர்மையான எழுத்துகள் பல வந்திருக்கின்றன. ஆனால் பெரியவர்கள் பேசுவதை உன்னிப்பாகக் கேட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்த வழியைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு முதியவர் நடுவில் நிறுத்தி, அந்த ஆனி ஆடியில் பாலைப்பழம் எப்படிக் கொட்டிக் கிடந்தது, பால் உதட்டில் ஒட்டிப் பிள்ளைகள் வாய் திறக்கமுடியாமல் சிரித்தது எப்படி என்று நெடுநேரம் விவரித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்தச் சிரிப்பு துயரத்துக்கு எதிரான ஒன்றல்ல. அதே நாளின் பகுதி. என்ன சமைத்தீர்கள், யார் பகிடி விட்டார்கள், எந்தப் பாட்டுப் பாடினீர்கள் என்று நீங்களும் கேளுங்கள். அவற்றை விட்டுவிட்டு இழப்பை மட்டும் பதிவுசெய்தால், அந்த மனிதர்களின் பாதி வாழ்வு பதிவிலும் இல்லாமல் போய்விடும். அவர்களின் மகிழ்ச்சியைப் பாதுகாக்கத் தகுந்தது என்று கருதும் நீங்கள் உங்கள் மகிழ்ச்சியை மட்டும் குற்றமாகக் கருதுவதில் நியாயம் இல்லை.

அந்தப் பதிவுகளில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைத்தால் பாரம் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் பெருந்துன்பத்துக்குப் பின் அப்படி ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறைகளை ஆராய்ந்தவர்கள் அதனால் நன்மை காணவில்லை. சிலருக்குத் தீங்கு நேர்ந்ததற்கும் சான்று உண்டு. ஆகவே சொல்ல விரும்பாததைத் தோண்டாதீர்கள். பதிவை நிறுத்தியவுடன் எழுந்து வராமல், தோட்டம், மழை, பேரப்பிள்ளை என்று ஏதாவது பேசித் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இரவில் தனியே இருந்து அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவதைத் தவிருங்கள். அந்த வேலைக்குப் பகல் வெளிச்சமும் பக்கத்தில் ஆட்களும் வேண்டும்.

படைப்பும் வாழ்வும் இப்படி முரண்பட்டு நிற்பது எல்லாக் காலத்திலும் இருந்ததல்ல என்பார்கள். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து ஆடியவர்கள் வயல் வேலை முடிந்து வந்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழகியவர்கள்தான். பழகும் இரவுகளிலேயே ஊர்ப் பேச்சும் உறவும் சிரிப்பும் இருந்தன. இது உண்மை, நமக்கு நல்ல முன்மாதிரியும்கூட. ஆனால் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிய அந்த மரபில், அவர்கள் இரவில் பழகப் போனபோது அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்தவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டும். நீங்கள் ஆணா பெண்ணா என்று குறிப்பிடவில்லை. ஆண் என்றால், உங்கள் முக்கால் மணி நேரம் மனைவியின் உழைப்பிலிருந்து வருகிறதா என்று பார்த்து, அவருக்கும் அதே அளவு நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்; குற்றவுணர்வு பாதி குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. பெண் என்றால், அந்த நேரம் யாராவது தரும் சலுகையாக இல்லாமல், வீட்டில் எல்லோரும் அறிந்த ஒழுங்காக இருக்கும்படி பேசிவையுங்கள். கதவை மூடுவதற்கு ஒவ்வொரு நாளும் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கவனம் குவியாது.

இவ்வளவும், ரசிக்கும் திறன் உள்ளே இருந்து கவனம் மட்டும் சிதறுகிற ஒருவருக்குப் பொருந்தும். எழுத்து, பிள்ளை, சாப்பாடு, கோயில் என எதிலும் விருப்பம் இல்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடித்து, நித்திரையும் பசியும் குழம்பியிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நேர ஒழுங்கோ துண்டுத் தாளோ மருந்தல்ல. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்கள் எழுத்தை வைத்து அப்படி ஒரு நிலை என்று நான் முடிவு செய்யவில்லை. நேரில் காணாத ஒருவரைப் பற்றி எவரும் அப்படி முடிவுசெய்யவும் கூடாது.

நாவலை அழித்துவிடட்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இப்போது இருக்கும் பக்கங்களை அச்சடித்து, முன்பு சொன்ன தாளை மேலே வைத்து, உறையில் போட்டு ஒட்டி, திறக்கும் மாதத்தை வெளியே எழுதுங்கள். ஐப்பசி என்று எழுதலாம். விதைப்பு முடிந்து மழை பிடித்துவிட்டால் மாலையில் வெளியே போய்ப் பதிவுசெய்வது கடினம், வீட்டில் இருந்து எழுதுவது இலகு. திறக்கும் நாளில் பேனா எடுக்காமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசியுங்கள். தொடர்ந்து எழுத வேண்டுமா இல்லையா என்பதை வாசித்து முடித்த மறுநாள் தீர்மானியுங்கள். அதுவரை அந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளும் பேருந்துக்குள்ளும் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை.